செல்ஃப் சைன்டு சான்றிதழால் தீம் கோப்புகள் ஒன்றுசேராமல் போகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் ஹோம்ஸ்டே, தேயிலைக் கடை, மலைக்காய்கறி விற்பனை என்று சின்னச் சின்ன இணையதளங்களைக் கட்டிப் பராமரிப்பதுதான் எங்கள் வேலை. அதில் திரும்பத் திரும்ப வரும் தலைவலி ஒன்று உண்டு. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் சிஎஸ்எஸ் (நிறம், அமைப்பு சொல்லும் விதிகள்), ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதியை இயக்கியதும் தளத்தின் அலங்காரம் மொத்தமும் போய்விடுகிறது. காரணத்தைத் தேடிப் போனால் சர்வரில் ஒரு செல்ஃப் சைன்டு சான்றிதழ், அதாவது எச்டிடிபிஎஸ்ஸுக்காக நாமே உருவாக்கிக்கொண்ட அடையாளச் சான்று, உட்கார்ந்திருக்கிறது. கேட்டவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறோம். இங்குள்ள தளங்களில் வேர்ட்பிரஸ்தான் அதிகம் என்பதால் அதை வைத்தே பேசியிருக்கிறோம், பிஎச்பி என்ற நிரல் மொழியில் ஓடும் மற்ற தளங்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

சான்றிதழுக்கும் தீம் கோப்புக்கும் என்ன சம்பந்தம்? பிரவுசரில் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போய்விட்டேனே.

நீங்கள் போய்விட்டீர்கள், சர்வர் போகவில்லை. கோப்புகளைச் சேர்க்கும் பிளகின் உங்கள் பிரவுசரில் ஓடுவதில்லை, சர்வருக்குள் ஓடுகிறது. தீமில் சிதறிக் கிடக்கும் சிஎஸ்எஸ் கோப்புகளை எடுத்து ஒரே கோப்பாக்குவது அதன் வேலை. எடுப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, டிஸ்கிலிருந்து நேராகப் படிப்பது. இதில் சான்றிதழுக்கு வேலையே இல்லை. இன்னொன்று, பக்கத்தில் எழுதியிருக்கும் முகவரியை அப்படியே எடுத்து, வெளியிலிருந்து ஒருவர் கேட்பது போல எச்டிடிபிஎஸ்ஸில் தன்னிடமே கேட்டு வாங்குவது. சர்வர் இப்படித் தன்னையே கூப்பிடுவதை லூப்பேக் என்பார்கள். அப்போது சர்வர் நீட்டும் சான்றிதழைக் கேட்கிற பக்கம் சோதிக்கும். செல்ஃப் சைன்டு என்பது தன் நன்னடத்தைக்குத் தானே எழுதித் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட கடிதம் மாதிரி, சாட்சிக்கு வேறு ஆள் கிடையாது. பிரவுசரில் உங்களுக்கு 'பரவாயில்லை, தொடர்கிறேன்' என்று அழுத்த ஒரு பொத்தான் இருந்தது. பிஎச்பிக்கு அந்தப் பொத்தான் இல்லை, சோதனை தோற்றால் கோப்பு வராது, அவ்வளவுதான்.

டிஸ்கிலிருந்து படிக்கும் பிளகின் வைத்திருப்பவர்களும் முழுக்கத் தப்புவதில்லை. நிறம், எழுத்துரு எல்லாம் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள சில தீம்கள் அந்தப் பகுதி சிஎஸ்எஸ்ஸை பிஎச்பி வழியாக அந்தந்த நேரத்தில் தயாரிக்கும். அது டிஸ்கில் கோப்பாக இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். தள அமைப்பில் மூன்று டபிள்யூ இல்லாத பெயரும் கோப்பின் முகவரியில் மூன்று டபிள்யூ உள்ள பெயரும் இருந்தால், பிளகின் அதை வேற்றுத் தளம் என்று எண்ணி, வெளியிலிருந்து எடுக்கப் போகலாம். அப்புறம் கிரிட்டிக்கல் சிஎஸ்எஸ், அதாவது பக்கம் திறந்ததும் முதலில் தெரியும் பகுதிக்கான சிஎஸ்எஸ், தயாரித்துத் தரும் வெளிச் சேவைகள் இருக்கின்றன. அவை உங்கள் தளத்துக்குத் தாங்களே வந்து பார்ப்பவை, செல்ஃப் சைன்டு என்றால் அவையும் பொதுவாகத் திரும்பிவிடும்.

இதுதான் காரணம் என்று எப்படி உறுதிப்படுத்துவது?

முதலில் சேர்க்கும் வசதியை நிறுத்திப் பாருங்கள். தளம் ஒழுங்காக வந்தால் கோளாறு சேர்க்கும் இடத்தில்தான். நிறுத்திய பிறகும் மெனு வெறும் நீல நிற இணைப்புகளாக வரிசைகட்டி நின்றால் அது பிரவுசர் பக்கப் பிரச்சினை, அதைப் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

அடுத்து, தயாரித்த கோப்புகளைச் சேமித்து வைக்கும் கேஷ் கோப்புறைக்குள் போய், சேர்த்து வைத்த கோப்பையே திறந்து பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை, ஆனால் பாதி பதில் அங்கேதான் கிடக்கிறது. கோத்தகிரி ஹோம்ஸ்டே ஒன்றின் தளத்தில் நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம்: தீமின் மூலக் கோப்புகள் நூற்றுக்கணக்கான கேபி, சேர்த்த கோப்போ ஒரு கேபிகூட இல்லை. திறந்தால், ஒவ்வொரு மூலக் கோப்பின் பெயரும் ஒரு குறிப்பு வரியாக மேலிருந்து கீழே வரிசையாக நிற்கிறது, பெயர்களுக்கு நடுவே ஒரு சிஎஸ்எஸ் விதிகூட இல்லை. பிளகின் ஒவ்வொரு கோப்பையும் எடுக்கப் போயிருக்கிறது, ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது, திரும்பியதைக் கவனிக்காமல் கோப்பை எழுதி முடித்திருக்கிறது.

இன்னொரு விதமும் உண்டு. சிஎஸ்எஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழு எச்டிஎம்எல் பக்கம், பிழைப் பக்கமோ உள்நுழைவுப் பக்கமோ, ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் கோப்பு வந்து சேர்ந்திருக்கிறது, ஆனால் தப்பான கோப்பு. அது பெரும்பாலும் சான்றிதழ் பிரச்சினையாக இருக்காது, வேறு தளத்தின் பக்கத்தையோ கடவுச்சொல் கேட்கும் பக்கத்தையோ சர்வர் எடுத்துத் தந்திருக்கும்.

கடைசியாக, ஒரு முகவரியிலிருந்து கோப்பை எடுத்துத் தரும் கர்ல் கட்டளையால் தீமின் ஒரு சிஎஸ்எஸ் முகவரியைக் கேட்டுப் பாருங்கள். இதைச் சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியே நுழைந்து அங்கிருந்து செய்ய வேண்டும். உங்கள் லேப்டாப்பிலிருந்து செய்தால் லேப்டாப்புக்கு என்ன தெரிகிறது என்பதுதான் கிடைக்கும், அதனால் பயன் இல்லை. 'கர்ல் பிழை 60' என்று வந்தால் இந்தப் பக்கம் உங்களுக்கானது.

60 இல்லாமல் வேறு எண் வருகிறதே?

அப்படியென்றால் சான்றிதழைத் தொடவே வேண்டாம். 6 என்றால் சர்வருக்குத் தன் டொமைன் பெயரே எந்த ஐபி என்று தெரியவில்லை. 7 என்றால் இணைப்பு ஏற்கப்படவில்லை. 28 என்றால் காத்திருந்து நேரம் தீர்ந்துவிட்டது. சர்வர் அலுவலகத்திலோ வீட்டிலோ இருந்தால் இது அதிகம் வரும், ஏனென்றால் டொமைன் வெளி ஐபியைக் காட்டுகிறது, உள்ளே இருந்து வெளி ஐபிக்குப் போய் மறுபடி உள்ளே வரும் சுற்றைப் பல ரூட்டர்கள் அனுமதிப்பதில்லை. எந்தப் பெயர் எந்த ஐபி என்று சர்வரிலேயே எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த டொமைனை 127.0.0.1 (சர்வர் தன்னையே குறிக்கும் ஐபி) என்று காட்டினால் தீரும். 35 வந்தால் எஸ்எஸ்எல் கைகுலுக்கலே நடக்கவில்லை, வெப் சர்வர் அமைப்பைப் பாருங்கள். பழைய கர்லில் 51 வரலாம், அது சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தாததற்கு, 7.62 பதிப்பிலிருந்து அதையும் 60-க்குள் சேர்த்துவிட்டார்கள்.

வேர்ட்பிரஸ் தன்னைத் தானே சோதித்துக் காட்டும் சைட் ஹெல்த்தில் லூப்பேக் பச்சையாகத்தான் இருக்கிறது. அப்புறம் எப்படி?

இது பலரைக் குழப்புவது, காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. வேர்ட்பிரஸ் தன் சொந்த லூப்பேக் கோரிக்கைகளில், அதாவது சைட் ஹெல்த் சோதனை, நேரக் கெடு வேலைகளான கிரான், தீம் எடிட்டரில் பிஎச்பி கோப்பைச் சேமிக்கும்போது நடக்கும் சோதனை ஆகியவற்றில், சான்றிதழைச் சரிபார்ப்பதில்லை. இயல்பிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தன்னிடமே பேசுகிறோம் என்ற நம்பிக்கைதான். பிளகின்கள் பயன்படுத்துவது பொதுவான கோரிக்கை வழி, அதில் சரிபார்ப்பு இயல்பிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். எனவே அங்கே பச்சை, இங்கே பிழை 60 என்பது இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். சைட் ஹெல்த்தை மட்டும் பார்த்துவிட்டு 'சான்றிதழ் சரி' என்று முடிவுகட்ட வேண்டாம்.

பிரவுசரில் எந்த எச்சரிக்கையும் இல்லை, முறையான சான்றிதழ்தான். ஆனாலும் சர்வருக்குள் பிழை 60 வருகிறது.

வாசகர் பார்க்கும் சான்றிதழும் சர்வர் தன்னைக் கூப்பிடும்போது பார்க்கும் சான்றிதழும் வேறு வேறாக இருக்கலாம். வாசகருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் சேவையான கிளவுட்ஃப்ளேர் வைத்திருக்கும் தளங்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளியே தெரிவது கிளவுட்ஃப்ளேரின் சான்றிதழ். பின்னால் உள்ள மூலச் சர்வரில் செல்ஃப் சைன்டு இருந்தாலும் 'ஃபுல்' முறையில் கிளவுட்ஃப்ளேர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும், 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' முறையில்தான் சோதிக்கும். இதற்கு நடுவில் யாராவது, வேகத்துக்காகவோ மேலே சொன்ன 28-ஐத் தீர்ப்பதற்காகவோ, ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனை 127.0.0.1-க்குத் திருப்பியிருப்பார்கள். அந்தக் கணமே லூப்பேக் கிளவுட்ஃப்ளேரைத் தாண்டாமல் நேராக மூலச் சர்வரிடம் வந்து, செல்ஃப் சைன்டு சான்றிதழில் முட்டுகிறது. கிளவுட்ஃப்ளேரே தரும் ஆரிஜின் சான்றிதழ் போட்டிருந்தாலும் இதே கதிதான். அது 15 ஆண்டுவரை செல்லும் என்றாலும் கிளவுட்ஃப்ளேர் மட்டுமே நம்பும் சான்றிதழ். பிரவுசரும் நம்பாது, பிஎச்பியும் நம்பாது.

டெபியன், உபுண்டுவில் இன்னொன்று. அப்பாச்சியின் இயல்பு எஸ்எஸ்எல் அமைப்பு 'ஸ்னேக்ஆயில்' என்ற செல்ஃப் சைன்டு சான்றிதழைத்தான் காட்டும். உங்கள் டொமைனுக்கான பிரிவு எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443-ஆம் போர்ட்டில் சரியாக அமையாவிட்டால் கோரிக்கை அந்த இயல்புப் பிரிவில் போய் விழும். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ் கிளையன்ட் கட்டளையை, டொமைன் பெயரையும் சேர்த்துக் கொடுத்து, சர்வருக்குள் ஓட்டினால் யாருடைய சான்றிதழ் வருகிறது என்று கண்ணுக்கு நேரே தெரியும்.

மூன்றாவதும் உண்டு, அதில் செல்ஃப் சைன்டு எதுவுமே இருக்காது. பிழைச் செய்தியில் 'லோக்கல் இஷ்யூயர்' கிடைக்கவில்லை என்று இருந்தால், உங்கள் சான்றிதழை நம்பகமான வேரோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை வெப் சர்வரில் போடாமல் விட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. குரோம் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், கர்ல் எடுக்காது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழை வைத்திருந்தால் தனிச் சான்றிதழ்க் கோப்புக்குப் பதில் 'ஃபுல்செயின்' கோப்பைக் காட்டுங்கள், முடிந்தது.

அண்ணா, நான் எதையும் மாற்றவில்லை. சீசன் நேரத்தில் திடீரென்று தளம் உடைந்துவிட்டது.

கூடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது. மே மாதத்தில் ஊட்டிக்கு வருகிறவர்கள் அறை தேடுகிற நேரத்தில் இப்படி ஆனால் பதறத்தான் செய்யும். 'எதையும் மாற்றவில்லை' என்பதை நாங்கள் நம்புகிறோம், ஏனென்றால் இது மாற்றாமலே உடையக்கூடியது.

ஓப்பன்எஸ்எஸ்எல்லில் செல்ஃப் சைன்டு சான்றிதழ் உருவாக்கும்போது எத்தனை நாள் என்று சொல்லாவிட்டால் அது 30 நாளுக்குத்தான் தரும். ஏப்ரலில் உருவாக்கினால் மே மாதத்தில் காலாவதி. அதை நம்பும்படி சர்வரில் ஏற்பாடு செய்து வைத்திருந்தாலும் தேதி முடிந்தால் சோதனை தோற்கும். ஆனால் அன்றைக்கே தளம் உடையாது. சேர்த்த கோப்பு ஏற்கெனவே கேஷில் இருக்கிறது, அதையே வாசகர்களுக்குத் தந்துகொண்டிருக்கும். சில வாரம் கழித்துத் தீமோ ஒரு பிளகினோ தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அல்லது யாராவது கேஷைக் காலிசெய்வார்கள். அப்போதுதான் பிளகின் மறுபடி கோப்புகளைக் கேட்கப் போகும், வெறுங்கையோடு திரும்பும். பழியைப் புதுப்பிப்பின் மேல் போட்டு, தீமைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோய் ஒரு நாளை வீணாக்குவதற்கு முன்னால் சான்றிதழின் தேதியைப் பாருங்கள்.

எஸ்எஸ்எல் வெரிஃபையை, அதாவது சான்றிதழ்ச் சரிபார்ப்பை, நிறுத்திவிட்டால் வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம். தேடினால் முதலில் கிடைக்கும் தீர்வு இதுதான், ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரி, உடனே வேலையும் செய்யும். அதனால்தான் இவ்வளவு தளங்களில் அது கிடக்கிறது.

அந்த வரி உங்கள் சர்வர் தன்னோடு பேசுவதை மட்டும் தளர்த்துவதில்லை. வேர்ட்பிரஸின் எல்லாக் கோரிக்கைகளும் கடந்துபோகும் பொதுவான வடிகட்டியில் (ஃபில்டர்) அதைப் போட்டால் தளத்திலிருந்து வெளியே போகும் கோரிக்கைகள் எல்லாவற்றிலும் சரிபார்ப்பு நிற்கிறது: பிளகின் புதுப்பிப்பு இறக்குவது, முன்பதிவுப் பணம் வந்ததா என்று பேமென்ட் கேட்வேயிடம் கேட்பது, எஸ்எம்எஸ் சேவையின் சாவியை அனுப்புவது. நடுவில் ஒருவர் புகுந்து தன் சர்வரைக் காட்டினாலும் உங்கள் தளம் தலையாட்டும். கோப்பு சேர்க்கும் விஷயத்திலேயே பாருங்கள். நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு உங்கள் சேர்த்த கோப்புக்குள் போய்விட்டால், அதற்குப் பிறகு அதை வாசகர்களுக்குத் தருவது உங்கள் சர்வர், உங்கள் டொமைன், உங்கள் நல்ல பெயர். இங்கே ஒரு குடும்பம் இரண்டு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறது, வருகிறவர்கள் அதை நம்பி அட்டை எண்ணைத் தருகிறார்கள். அவர்களை நினைத்தாவது அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

சோதனைக்காக ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்பதில் தப்பில்லை. நிறுத்தினால் சரியாகிறது என்றால் காரணம் உறுதி. பிறகு திரும்ப இயக்கிவிட்டு, கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

சரி, முறையான வழி என்ன?

சரிபார்ப்பை நிறுத்தாமல், சரிபார்ப்பில் உங்கள் சான்றிதழ் தேறும்படி செய்வது. பொதுவெளியில் உள்ள தளம் என்றால் பேச்சே இல்லை, லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது, அதைப் போட்டு முடித்துவிடுங்கள். செல்ஃப் சைன்டு வைத்திருக்க நியாயமான காரணம் உள்ள இடங்கள் உங்கள் சோதனைக் கணினியும் அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் சர்வரும்தான்.

அங்கே முதல் வேலை, பெயர். சான்றிதழின் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் டொமைன் இருக்க வேண்டும். 'காமன் நேம்' பகுதியில் மட்டும் எழுதுவது 2017-ல் வந்த குரோம் 58-லிருந்து செல்லாது. எம்கே-செர்ட் என்ற கருவி இதையெல்லாம் சரியாகச் செய்துவிடும். அது உங்கள் கணினியில் ஒரு சின்ன வேர்ச் சான்றிதழை, அதாவது மற்றச் சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் சான்றிதழை, உருவாக்கி, கணினியின் நம்பிக்கைப் பட்டியலிலும் சேர்த்து, அதன் கையெழுத்தில் தளச் சான்றிதழைத் தரும். அந்த வேரின் தனிச்சாவிக் கோப்பை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் 'இதை உன் கணினியில் போட்டுக்கொள்' என்று அனுப்புகிற கோப்பு அதுவல்ல.

வேறொரு சர்வரில் நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்க, டெபியன், உபுண்டு என்றால் யூஎஸ்ஆர், லோக்கல், ஷேர் வழியே போய் 'சிஏ-சர்டிஃபிகேட்ஸ்' கோப்புறையில் சான்றிதழைப் போட்டு, 'அப்டேட் சிஏ சர்டிஃபிகேட்ஸ்' கட்டளையை ஓட்டுங்கள். கோப்பின் நீட்டிப்பு சிஆர்டி என்று இருக்க வேண்டும். பிஇஎம் என்று முடிந்தால் எந்தப் பிழையும் சொல்லாமல் அதை விட்டுவிடும். பிறகு பிஎச்பி சேவையை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

அதையெல்லாம் செய்துவிட்டேன். கர்ல் கட்டளை இப்போது சரி, வேர்ட்பிரஸ் மட்டும் இன்னும் 60 என்கிறது.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள நேரம் இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் சர்வரின் நம்பிக்கைப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. 2013-ல் வந்த 3.7 பதிப்பிலிருந்து தன்னுடைய இன்க்லூட்ஸ் கோப்புறைக்குள் சொந்தமாக ஒரு சான்றிதழ்த் தொகுப்பை வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறது. நீங்கள் சர்வரில் எத்தனை முறை சேர்த்தாலும் அதற்குத் தெரியாது.

அந்தத் தொகுப்புக் கோப்பின் கடைசியில் உங்கள் சான்றிதழை ஒட்டினால் வேலை செய்யும். ஆனால் வேர்ட்பிரஸின் அடுத்த புதுப்பிப்பு கோப்பை மாற்றி எழுதினால் நீங்கள் ஒட்டியது போய்விடும். மேலே சீசன் கேள்வியில் சொன்ன அதே மாதிரி, சம்பந்தமில்லாத ஒரு நாளில் தளம் உடையும்.

நிலைக்கும் வழி: வேர்ட்பிரஸ் எப்போதும் தானாக ஏற்றிக்கொள்ளும் எம்யூ பிளகின்ஸ் கோப்புறையில் ஒரு சின்ன பிஎச்பி கோப்பு. அதில் 'எச்டிடிபி ரிக்வெஸ்ட் ஆர்க்ஸ்' என்ற வடிகட்டியைப் பிடியுங்கள். போகிற கோரிக்கையின் ஹோஸ்ட் பெயர் உங்கள் சொந்தத் தளத்தின் பெயரா என்று பாருங்கள். ஆம் என்றால் மட்டும் 'எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்ஸ்' என்ற மதிப்பை உங்கள் வேர்ச் சான்றிதழ்க் கோப்பின் பாதையாக மாற்றுங்கள், இல்லையென்றால் எதையும் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். நான்கைந்து வரிக்கு மேல் வராது. ஹோஸ்ட் பெயரைப் பார்க்கும் அந்த நிபந்தனையை விட்டுவிட்டால் வெளித்தளங்கள் எல்லாமே தோற்கும், ஏனென்றால் உங்கள் கோப்பில் உங்கள் வேர் மட்டும்தான் இருக்கிறது. தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் போடாமல் எம்யூ பிளகின்ஸில் போடச் சொல்வதற்குக் காரணம், தீம் மாறினாலும் இது நிற்க வேண்டும்.

வேர்ட்பிரஸின் வழியைப் பயன்படுத்தாமல் பிஎச்பியின் 'ஃபைல் கெட் கன்டென்ட்ஸ்' வழியே எடுக்கும் பழைய பிளகின்கள் சில உண்டு. பிஎச்பி 5.6 முதல் அதிலும் சான்றிதழ் சோதனை இயல்பாகவே இருக்கிறது, ஆனால் அது சர்வரின் பட்டியலைப் பார்க்கும். எனவே முந்தைய கேள்வியில் சொன்னதே அதற்குப் போதும். விண்டோஸில் சோதனைத் தளம் வைத்திருப்பவர்கள் பிஎச்பி அமைப்புக் கோப்பில் கர்லுக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கும் தொகுப்பின் பாதையைத் தாங்களே எழுத வேண்டும்.

எங்கள் சர்வர் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்துக்குள் இருக்கிறது, வெளியிலிருந்து யாரும் வர முடியாது. லெட்ஸ் என்கிரிப்ட் கிடைக்குமா?

கிடைக்கும், உங்களுக்குச் சொந்தமாக ஒரு பொது டொமைன் இருந்தால். வழக்கமான சோதனையில் அவர்கள் உங்கள் சர்வரின் 80-ஆம் போர்ட்டுக்கு வந்து பார்ப்பார்கள், அது உங்களுக்கு நடக்காது. டிஎன்எஸ் வழிச் சோதனையில் டொமைனின் டிஎன்எஸ்ஸில் (பெயரையும் ஐபியையும் இணைக்கும் பதிவேடு) அவர்கள் சொல்லும் ஒரு டிஎக்ஸ்டி பதிவைப் போட்டால் போதும், சர்வர் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. பொது ஐபி தராத பிராட்பேண்ட் இணைப்பில் இருப்பவர்களுக்கும் இதுவே வழி.

இரண்டு விஷயம் கவனியுங்கள். சான்றிதழ் 90 நாளுக்குத்தான், காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலையும் 2025 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள். டிஎன்எஸ் பதிவைக் கையால் போட்டு வாங்கினால் மூன்று மாதத்தில் மறந்துபோகும், நிரல் வழியே பதிவை மாற்ற ஏபிஐ உள்ள டிஎன்எஸ் சேவையில் வைத்துத் தானாகப் புதுப்பிக்கும்படி செய்யுங்கள். இன்னொன்று, வழங்கப்படும் சான்றிதழ்களின் பெயர்கள் பொதுப் பதிவேட்டில் யாரும் பார்க்கும்படி இருக்கும். அலுவலகத்தின் உள்பெயர்கள் வெளியே தெரிய வேண்டாம் என்றால் துணைப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றாக வரும் வைல்ட்கார்டு சான்றிதழ் வாங்குங்கள், அதற்கும் டிஎன்எஸ் வழிதான்.

'லோக்கல்', 'டெஸ்ட்' என்று முடியும் பெயர்களுக்கு எந்தப் பொது நிறுவனமும் சான்றிதழ் தராது. சோதனைத் தளத்துக்கு 'டெஸ்ட்' நல்ல தேர்வு, அதற்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர். 'டெவ்' என்று வைக்காதீர்கள். அது இப்போது உண்மையான டொமைன், பிரவுசர்கள் அதற்குக் கட்டாய எச்டிடிபிஎஸ் பட்டியல் வைத்திருப்பதால் எச்சரிக்கையைத் தாண்டும் பொத்தான்கூட வராது.

கரண்ட் போய் வந்த பிறகுதான் இப்படி ஆகிறது. சான்றிதழுக்கும் கரண்டுக்கும் தொடர்பா?

உண்டு, நடுவில் கடிகாரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மரம் விழுந்து மின்சாரம் போவது புதிதல்ல. ராஸ்பெர்ரி பையில் தளம் வைத்திருந்தால், 4 வரையிலான மாடல்களில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. திரும்ப இயங்கும்போது பழைய நேரத்திலிருந்து தொடங்கி, இணையம் வந்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினி இன்னும் மோசம், பல ஆண்டு பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, எனவே சோதனை தோற்கிறது.

ரூட்டர் வந்து, நேரம் திருந்திய பிறகும் தளம் உடைந்தே இருப்பதுதான் குழப்பம். கடிகாரம் தப்பாக இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் கேஷைத் தயார்செய்யும் வேலை ஓடி, வெறும் கோப்பை எழுதி வைத்துவிட்டது. அது கேஷில் அப்படியே நிற்கிறது. கேஷைக் காலிசெய்தால் சரியாகிவிடும். மறுபடி வராமல் இருக்க, நேரம் சரியான பிறகே வெப் சர்வர் தொடங்கும்படி அமைக்கலாம், அல்லது ஒரு கடிகாரத் துண்டு வாங்கிப் பொருத்தலாம், விலை அதிகமில்லை. கணினிக்கு ஒரு நாணய பேட்டரி போதும்.

கணினியில் சரி. ஐபோனில் மட்டும் தளம் வரவில்லை.

வேர்ச் சான்றிதழை ஐபோனில் நிறுவினால் மட்டும் போதாது. அமைப்புகளில் பொது, அதில் 'அபவுட்', அதில் சான்றிதழ் நம்பிக்கை என்ற இடத்துக்குப் போய் முழு நம்பிக்கையைத் தனியாக இயக்க வேண்டும். பத்து ஆண்டுக்குத் தளச் சான்றிதழ் போட்டு வைத்திருந்தாலும் ஆப்பிள் ஏற்காது. 2019 ஜூலைக்குப் பின் வழங்கியவை 825 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. வேர் மட்டும் நீண்ட நாளுக்கு இருக்கலாம். ஆண்ட்ராய்டில் குரோம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் 7-ஆம் பதிப்பிலிருந்து மற்ற செயலிகள் பயனர் நிறுவிய சான்றிதழை இயல்பாக நம்புவதில்லை.

சேர்ப்பதை நிறுத்தினாலும் அலங்காரம் வரவில்லை. அல்லது சான்றிதழைச் சரிசெய்தும் பழையபடியே இருக்கிறது.

பிரவுசரின் கன்சோலைத் திறந்து சிவப்பு வரிகளைப் படியுங்கள். சிஎஸ்எஸ் வேறு துணைப் பெயரிலிருந்து வருகிறதா? நீங்கள் எச்சரிக்கையைத் தாண்டியது முதன்மைப் பெயருக்கு மட்டும், துணைப் பெயருக்கு அந்த அனுமதி செல்லாது, அங்கிருந்து வரும் கோப்புகளை பிரவுசர் சத்தமில்லாமல் விட்டுவிடும். முகவரி எச்டிடிபி என்று தொடங்குகிறதா? எச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள் அது தடுக்கப்படும். சேர்த்த கோப்புக்குள் உங்கள் சோதனைக் கணினியின் பெயர் எழுத்துரு முகவரிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி சிஎல்ஐயின் தேடி மாற்றும் கட்டளையால் தரவுத்தளத்தைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி சேருங்கள். எஸ்கியூஎல் கோப்பை நோட்பேடில் திறந்து மாற்ற வேண்டாம், சீரியலைஸ் ஆன தரவில் (ஒவ்வொரு மதிப்பின் நீளத்தையும் சேர்த்து எழுதி வைத்த தரவு) எழுத்து எண்ணிக்கை மாறி தீம் அமைப்புகள் கெட்டுப்போகும்.

கேஷைக் காலிசெய்வதற்கும் வரிசை உண்டு. முதலில் சேர்த்த கோப்புகளின் கேஷ், அடுத்து பக்க கேஷ், அடுத்து சிடிஎன் (கோப்புகளின் நகலைப் பல இடங்களில் வைத்துத் தரும் சேவை), கடைசியில் உங்கள் பிரவுசர். முதலாவதை மட்டும் காலிசெய்துவிட்டு நிறுத்தினால், பழைய பக்கங்கள் இப்போது இல்லாத கோப்பைக் கேட்டு 404 வாங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு பாடு பட்டு கோப்புகளைச் சேர்க்கத்தான் வேண்டுமா?

பல தளங்களுக்கு வேண்டியதில்லை என்பதுதான் எங்கள் கருத்து. எச்டிடிபி 1.1 காலத்தில் பிரவுசர் ஒரு தளத்தோடு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புகள்தான் வைத்துக்கொள்ளும், முப்பது கோப்பு என்றால் வரிசையில் நிற்கும், அதனால் சேர்ப்பதில் பெரிய லாபம் இருந்தது. 2015-ல் வந்த எச்டிடிபி 2-ல் ஒரே இணைப்பில் பல கோப்புகள் ஒரே நேரத்தில் போகும். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியே ஏறி வருகிறவர், சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் உங்கள் தளத்தைத் திறக்கிறார் என்றால் அவருக்கு உதவுவது படங்களின் அளவைக் குறைப்பதும், கோப்புகளைச் சுருக்கி அனுப்புவதும், பயன்படாத பிளகின்களை எடுப்பதும்தான். பத்துப் பக்கமுள்ள ஒரு ஹோம்ஸ்டே தளத்தில் எச்டிடிபி 2 இயங்குகிறது என்றால் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, வேகத்தை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்தியே வைத்திருங்கள். சான்றிதழை மட்டும் சரிசெய்யாமல் விடாதீர்கள், பிரவுசர்கள் எச்டிடிபி 2-ஐ எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும்தான் பேசும்.

ஹோஸ்டிங் உதவி மையத்தில் என்ன சொல்லிக் கேட்பது?

'தளம் உடைந்துவிட்டது' என்று எழுதினால் 'கேஷைக் காலிசெய்து பாருங்கள்' என்றுதான் பதில் வரும். இப்படி எழுதுங்கள்: சர்வருக்குள்ளிருந்து எங்கள் டொமைனுக்கு எச்டிடிபிஎஸ் கோரிக்கை அனுப்பினால் கர்ல் பிழை 60 வருகிறது, வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளே எந்தச் சான்றிதழ் தரப்படுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், எங்கள் டொமைனுக்கான சான்றிதழை முழுச் சங்கிலியோடு 443-ல் அமைத்துத் தாருங்கள். கூடவே பிழைச் செய்தியை அப்படியே ஒட்டுங்கள், எந்த நேரத்தில் வந்தது என்பதையும் சேர்த்து. 'சரிபார்ப்பை நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று அவர்கள் பதில் தந்தால், மேலே உள்ள காரணத்தைச் சொல்லி மறுபடி கேளுங்கள்.